திடீர் டிசம்பர் பயணம்: நியூரம்பர்க்கா, வியன்னாவா, லண்டனா?

டிசம்பரில் எதிர்பாராமல் இரண்டு நாள் லீவு கிடைக்கிறது. கிறிஸ்துமஸ் களைகட்டிய ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பையைத் தூக்குகிறோம். எந்த ஊர் அழகு என்று யோசிப்பதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள் என்பேன். படத்தில் எல்லா ஊரும் ஒன்றுபோலத்தான் மினுங்கும். 20ஆம் தேதி போகிறவர் பார்க்கும் ஊரும் 26ஆம் தேதி போகிறவர் பார்க்கும் ஊரும் ஒன்றல்ல.

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் நியூரம்பர்க் கிறிஸ்துமஸ் சந்தை. 1628ஆம் ஆண்டிலேயே எழுத்துச் சான்று உள்ள பழைய சந்தை. இரண்டாம் உலகப் போரில் நின்றுபோய் 1948இல் மீண்டும் தொடங்கியது. மாதா கோயிலுக்கு எதிரே சதுக்கம் முழுக்க சிவப்பு வெள்ளைத் துணி போட்ட மரக்கடைகள். உலர்ந்த பிளம் பழத்தில் செய்த குட்டி மனிதர்கள், இஞ்சி வாசம் வீசும் லெப்குகன் கேக், ஒரு பன்னுக்குள் விரல் நீளத்தில் மூன்று சாசேஜ். ம்யூனிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான் என்பதால், அங்கே அறை எடுத்திருந்தால் மாலையில் போய் இரவே திரும்பிவிடலாம். வார நாளாகப் பார்த்துப் போங்கள். சனிக்கிழமை என்றால் முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும்.

ஆனால் திட்டம் போடாமல் வருகிறவரை இந்த ஊர் மன்னிக்காது. 24ஆம் தேதி மதியத்தோடு சந்தை முடிந்துவிடும். 25, 26 இரண்டும் ஜெர்மனியில் அரசு விடுமுறை, கடைகளும் இருக்காது.

லண்டன் இதற்கு நேர் எதிர். அங்கே ஒரே சதுக்கத்தைத் தேடிப் போகவேண்டாம், ஊர் முழுக்கவே விளக்குதான். ரீஜண்ட் தெருவில் தலைக்கு மேலே ஒளியால் ஆன தேவதைகள் சிறகு விரித்து நிற்பார்கள். டிராஃபல்கர் சதுக்கத்து மரம் மட்டும் சற்று ஒல்லியாக, அடக்கமான விளக்குகளோடு நிற்கும். வருடா வருடம் அதைக் கேலி செய்வதும் ஒரு வழக்கமாகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக 1947 முதல் ஒவ்வோர் ஆண்டும் நார்வேயின் ஆஸ்லோ நகரம் அனுப்பும் மரம் அது. அதன் அடியில் யாராவது கேரல் பாடிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கேலி மறந்துவிடும்.

லண்டனின் பொறி 25ஆம் தேதி. சுரங்க ரயில், பஸ், வெளியூர் ரயில் எதுவும் அன்றைக்குக் கிடையாது. விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வந்தால் பர்ஸ் கரைந்துவிடும். முன்னாலேயே போய் ஊருக்கு நடுவில் தங்கிவிட்டால் சரி. வெறிச்சோடிய தெம்ஸ் கரையில் நடக்க வருடத்திலேயே நல்ல நாள் அதுதான். வாடகை சைக்கிள் கிடைக்கும். நடக்கச் சோம்பேறி என்றால் அன்றைக்கு வேண்டாம்.

திடீர்ப் பயணம் என்று வந்துவிட்டால் என் ஓட்டு வியன்னாவுக்கு. நியூரம்பர்க்கின் நெருக்கமான அழகு அங்கே இல்லை. நகர மன்றத்தின் முன்னால் உள்ள பெரிய சந்தை எனக்குக் கொஞ்சம் பொருட்காட்சி மாதிரிதான் படும். ஆனால் ஊரில் பல சந்தைகள், ஒன்று சரியில்லை என்றால் இன்னொன்றுக்கு டிராம் ஏறிவிடலாம், அதுதான் வசதி. நகர மன்றச் சந்தை 26 வரை. ஷான்ப்ருன் அரண்மனைச் சந்தை புத்தாண்டு தாண்டியும் இருக்கும். எல்லா இடத்திலும் சூடான ஒயினுக்குக் கோப்பையின் முன்பணத்தையும் சேர்த்து வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும், பிடித்திருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். குளிர் தாங்கவில்லையா, அரசு ஓபராவில் நின்று பார்க்கும் டிக்கெட்டை அன்றன்றைக்கே விற்கிறார்கள்.

லீவு 26க்கு அப்புறம்தான் கிடைக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், வியன்னாதான். 31ஆம் தேதி நள்ளிரவில் ஸ்டீபன் பேராலயத்தின் 20 டன் மணி அடித்ததும் வானொலியில் வால்ட்ஸ் நடன இசை தொடங்கும், முன்பின் தெரியாதவர்கள் தெருவிலேயே ஜோடி சேர்ந்து ஆடுவார்கள். ஆடத் தெரியாதவர்களுக்கு அன்று பகலிலேயே கிராபென் தெருவில் சொல்லித்தருகிறார்கள்.