நவம்பரிலா, டிசம்பரிலா? இத்தாலியில் வாழும் அமெரிக்கர்கள் ஊருக்குப் போக எது நல்ல நேரம்

இத்தாலியில் வேலை பார்க்கும் அமெரிக்கக் குடும்பங்கள் கூடினால் செப்டம்பரிலேயே இந்தப் பேச்சு தொடங்கிவிடும். இந்த வருஷம் ஊருக்குப் போவது நவம்பர் கடைசியில் அமெரிக்கக் குடும்பங்கள் விருந்துக்குக் கூடும் தேங்க்ஸ்கிவிங்குக்கா, கிறிஸ்துமஸுக்கா? இரண்டுக்கும் போய்வர விடுப்பும் கட்டாது, காசும் கட்டாது. நாங்கள் இருப்பது வடக்கு இத்தாலியில் பொலோஞா நகரில். அப்பா அம்மாவும் அண்ணன் குடும்பமும் நியூஜெர்சி எடிசனில். முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்குத்தான் போவோம். இப்போது தேங்க்ஸ்கிவிங்குக்குப் போய்விட்டு வந்து கிறிஸ்துமஸை இங்கேயே கொண்டாடுகிறோம். இனி மாற்றும் எண்ணம் இல்லை.

விடுப்புக் கணக்கை மட்டும் பார்த்தால் கிறிஸ்துமஸ்தான் ஜெயிக்கும். இத்தாலியில் டிசம்பர் 25, 26, ஜனவரி 1, 6 எல்லாமே அரசு விடுமுறை. 2025-ஐ எடுத்துக்கொண்டால், டிசம்பர் 24 முதல் ஜனவரி 6 வரை இரண்டு வாரம் வெளியே இருக்க ஆறு நாள் விடுப்பு போதும். தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் ஐந்து நாள் போட்டாலும், இரண்டு பக்கத்து சனி ஞாயிறையும் சேர்த்து ஒன்பது நாள்தான். பள்ளிக்கூடமும் கிறிஸ்துமஸுக்குத்தான் மூடும். நவம்பரில் பிள்ளை பாடத்தை விட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் மகள் இன்னும் பாலர் பள்ளியில் இருப்பதால் எங்களுக்கு இது பெரிய விஷயமில்லை. பெரிய வகுப்பில் பிள்ளை இருப்பவர்கள் இதை யோசித்துத்தான் ஆக வேண்டும்.

டிக்கெட் விலையில் நவம்பர் பக்கம் தேவலை. கிறிஸ்துமஸ் வாரத்தில் அட்லாண்டிக் தாண்டும் விமானங்களில் விலை ஏறிவிடும். தேங்க்ஸ்கிவிங் சமயத்தில் நிரம்பி வழிவது அமெரிக்காவுக்குள் பறக்கும் விமானங்கள்தான். ரோமிலிருந்தோ மிலானிலிருந்தோ நேரே நியூயார்க் பக்கம் இறங்குபவர்களுக்கு அந்த நெரிசல் அவ்வளவாகப் படாது. அங்கிருந்து இன்னொரு விமானம் மாறி ஒஹாயோவோ கன்சாஸோ போகிறவர்களுக்குப் படும்.

இதெல்லாம் சரி. எங்களை முடிவெடுக்க வைத்தது வேறு ஒரு கேள்வி: இந்த இரண்டு பண்டிகையில் எதை இத்தாலியில் இருந்தபடியே கொண்டாட முடியும்?

தேங்க்ஸ்கிவிங்கை முடியாது. முயற்சி பண்ணாமல் சொல்லவில்லை. நவம்பரின் நான்காவது வியாழன் இங்கே சாதாரண வேலைநாள். அதனால் விருந்தை சனிக்கிழமைக்குத் தள்ள வேண்டும். அடுத்தது அந்த விருந்தின் முக்கியப் பண்டமான முழு வான்கோழி. சூப்பர் மார்க்கெட்டில் நெஞ்சுக்கறித் துண்டும் காலும் கிடைக்கும், முழுசாகக் கிடைக்காது. கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இங்கே ஆண் வான்கோழியை வெட்டி விற்பதற்காகவே வளர்க்கிறார்கள். 15 கிலோவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதனால் பெட்டைதான் வேண்டும், அதிலும் சின்னதாக வேண்டும் என்று அழுத்திச் சொல்ல வேண்டும்.

பறவை வந்துவிட்டது என்றால் அடுத்த சிக்கல் அடுப்பு. வாடகை வீடுகளில் இருக்கும் ஓவனின் வெளியகலமே 60 சென்டிமீட்டர்தான். அதைவிட முக்கியம் மின்சாரம். இத்தாலிய வீடுகளில் வழக்கமான இணைப்பு 3 கிலோவாட். ஓவன் ஒன்றே சுமார் 2 கிலோவாட் இழுக்கும். வான்கோழி உள்ளே வெந்துகொண்டிருக்கும் அத்தனை மணி நேரமும் பாத்திரம் கழுவும் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம், கெட்டில் எதையும் நினைத்தபடி போட முடியாது. மறந்து போட்டால் மொத்த வீடும் இருட்டாகிவிடும். எங்கள் கட்டடத்தில் மீட்டர் கீழ்த்தளத்தில் இருக்கிறது. கையில் டார்ச்சோடு படியிறங்கிப் போய் சுவிட்சைத் தூக்கிவிட்டு வர வேண்டும். வந்து பார்த்தால் ஓவன் பாதி ஆறிப்போயிருக்கும்.

கிரான்பெர்ரி, டப்பாவில் அடைத்த பூசணி விழுது எல்லாம் ரோமில் கஸ்ட்ரோனி மாதிரி வெளிநாட்டுச் சரக்குக் கடைகளில் தேடிப் பார்க்கலாம். பொருளை எப்படியாவது திரட்டிவிடலாம், ஆட்களை எங்கே போய்த் திரட்டுவது? எடிசனில் அந்த வியாழக்கிழமை டல்லாஸிலிருந்து சித்தி வந்திருப்பார். சித்தப்பா பிள்ளைகள் கலிபோர்னியாவிலிருந்து வந்திருப்பார்கள். மேஜையில் வான்கோழிக்குப் பக்கத்திலேயே அம்மாவின் மட்டன் பிரியாணி இருக்கும். பெரும்பாலான அலுவலகங்கள் வெள்ளிக்கிழமையும் மூடியிருப்பதால் நான்கு நாள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ்.

கிறிஸ்துமஸுக்கு இதே வீட்டுக்குப் போனால் அப்படி இருக்காது. அண்ணி தன் அம்மா வீட்டுக்கு சிகாகோ போயிருப்பார், கூடவே அண்ணனும் பிள்ளைகளும். மற்றவர்கள் 26-ஆம் தேதி காலை வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்பா, அம்மா, நாங்கள் என்று வீடு அமைதியாக இருக்கும். அதுவும் அருமையான நேரம்தான். ஆனால் அது எந்த மாதத்தில் போனாலும் கிடைக்கும்.

இப்போது மறுபக்கம். கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கே இருந்தால் ஒரு மாதத்துப் பண்டிகை கிடைக்கிறது. டிசம்பர் 8, மாதாவின் அமலோற்பவத் திருநாள், அரசு விடுமுறை. அன்றுதான் பல வீடுகளில் மரம் வைப்பார்கள், குடில் கட்டுவார்கள். மரத்தைவிடக் குடிலுக்கு மதிப்பு அதிகம். புனித பிரான்சிஸ் 1223-இல் கிரெச்சோ என்ற ஊரில் முதல் குடிலை அமைத்தார் என்பது மரபு. 24-ஆம் தேதி இரவு வரை குடிலில் குழந்தை இயேசு இருக்கமாட்டார். நள்ளிரவில்தான் கொண்டுவந்து கிடத்துவார்கள். எங்கள் மகள் இதற்காகவே தூங்காமல் விழித்திருக்கிறாள்.

பொலோஞாவில் கிறிஸ்துமஸ் மதியம் என்றால் சேவல் ரசத்தில் மிதக்கும் டோர்ட்டெல்லினி, அதாவது பூரணம் வைத்து மடித்த சின்னப் பாஸ்தா. காயடித்துக் கொழுக்க வளர்த்த சேவலை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து எடுத்த தெளிந்த ரசம் அது. உள்ளே வைக்கும் பூரணம் பன்றிக்கறி, புரோஷுட்டோ என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை, மோர்ட்டடெல்லா என்ற பன்றிக்கறித் தொத்திறைச்சி, பார்மிஜானோ சீஸ், முட்டை, ஜாதிக்காய். இந்தப் பக்குவத்தை 1974-இல் ஊர் வணிகச் சபையில் பதிவே செய்துவைத்திருக்கிறார்கள். மாடி வீட்டு சிஞ்ஞோரா (அம்மையார்) பண்டிகைக்கு முன் எங்களை அழைத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மாவைக் கண்ணாடி மாதிரி மெல்லியதாகத் தேய்த்து, சின்னச் சதுரமாக வெட்டி, கடலை அளவு பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, விரலைச் சுற்றி இரண்டு முனையையும் அழுத்தி ஒட்ட வேண்டும். மாவு காய்ந்துவிட்டால் ஒட்டாது. அதனால் ஒருவர் வெட்ட வெட்ட, நான்கு பேர் மடிக்க வேண்டும். தனி ஆளாகச் செய்கிற சமையலே இல்லை. இத்தாலியில் நமக்குச் சொந்தம் கிடையாது என்ற குறை அந்த மேஜையில் எனக்குத் தீர்ந்தது.

அப்புறம் 26, புத்தாண்டு இரவின் பருப்பும் கொத்தெகீனோ என்ற பன்றிக்கறித் தொத்திறைச்சியும், கடைசியில் ஜனவரி 6. துடைப்பத்தில் வரும் பெஃபானா கிழவி நல்ல பிள்ளைகளின் காலுறையில் மிட்டாயும், குறும்பு செய்த பிள்ளைகளுக்குக் கரியும் போடுவாள். கரி என்பது கறுப்புச் சர்க்கரைக் கட்டிதான். 1977-இல் இந்த விடுமுறையை அரசு எடுத்துவிட்டது, 1985-இல் திருப்பிக் கொடுத்தது. மக்கள் அதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

நான் சொல்வது வடக்கு இத்தாலியை, அதிலும் பொலோஞாவை வைத்து. நேப்பிள்ஸிலோ சிசிலியிலோ இருப்பவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம். அக்கம்பக்கத்தில் இன்னும் யாரும் பழக்கமாகாத முதல் வருஷம் என்றால் டிசம்பரில் இங்கே தனியாக இருக்கச் சொல்லமாட்டேன். கடைகள் மூடியிருக்கும், எல்லோரும் குடும்பத்தோடு உள்ளே இருப்பார்கள், அது கஷ்டம். சொந்த ஊர்க் கோயிலில் நள்ளிரவுப் பூசைக்குப் போவது முக்கியம் என்று நினைக்கும் குடும்பங்களும் கிறிஸ்துமஸுக்கே போகட்டும்.

நவம்பரில் போவதென்றால் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய புதனும் பிந்தைய ஞாயிறும் அமெரிக்க விமான நிலையங்களில் கால் வைக்காதீர்கள். போகும்போது பார்மிஜானோ கட்டியைக் கொண்டுபோகலாம்; மோர்ட்டடெல்லாவும் கறி வைத்த டோர்ட்டெல்லினியும் சுங்கத்தில் பறிபோகும். வரும்போது பூசணி விழுது டப்பாவும் கிரான்பெர்ரி டப்பாவும் தாராளமாக வரலாம். கறி, சீஸ் எதுவும் பெட்டியில் வேண்டாம். டிசம்பர் 8-க்குள் திரும்பி வந்துவிட்டால் மரம் வைக்கும் நாளுக்கு வீட்டில் இருக்கலாம்.