கால்விரலுக்கு டாலரன்ஸ் இல்லை: வி.ஏ.ஆருடன் எட்டு ஆண்டுகள்

போன வாரம் கோபியிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தான். மனைவியின் தம்பி. 2014 உலகக் கோப்பைக்குப் பிறகு கால்பந்து இருக்கும் திசையிலேயே தலைவைத்துப் படுக்காதவன். "ஏனுங்க மச்சான், இந்த முறை 48 அணி, 104 ஆட்டம் என்கிறார்கள். பெரிய டிவியாக ஒன்று எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்களாமே, அதோடு சேர்த்துப் பார்க்க நன்றாக இருக்கிறதுங்களா?" என்று கேட்டான். டிவியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வி.ஏ.ஆர். என்ற அந்த வீடியோ உதவி நடுவர் பற்றி என்றால் 2018-லிருந்து தூக்கம் கெட்ட கணக்கு இருக்கிறது. போனில் சொல்லித் தீராது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கில்தான் தலையிடும் என்றுதான் 2018-ல் வந்தது. அதுவும் நடுவர் செய்தது தெளிவான, வெளிப்படையான தவறாக இருந்தால்தான். படிப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆஃப்சைடுக்கு, அதாவது பந்து தட்டப்படும் நேரத்தில் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி நிற்பதற்கு, இந்தச் சலுகை கிடையாது. அது அபிப்பிராயம் இல்லையாம், அளவாம். அளவு என்று வந்துவிட்டால் ஒரு மீட்டரும் ஒரு மில்லிமீட்டரும் ஒன்றுதானாம்.

என் வயிற்றெரிச்சல் இங்கேதான் தொடங்குகிறது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவன். இருபது ஆண்டுகளாகக் கழுத்தில் டேப் தொங்குகிறது. டி-ஷர்ட்டை மேசையில் விரித்து, சுருக்கம் நீவி, கைக்குழிக்குக் கீழே டேப்பை வைத்தால் மார்பு 52 சென்டிமீட்டர் வர வேண்டும். அளவுத் தாளில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் இருக்கும். டாலரன்ஸ், கூடக் குறைய ஒரு சென்டிமீட்டர். அந்தக் கட்டத்தை எங்கள்மேல் இரக்கப்பட்டு யாரும் போடவில்லை. பின்னல் துணி இழுத்தால் வரும், விட்டால் போகும். காலையில் ஒருவர் பிடித்த டேப்பை மாலையில் இன்னொருவர் அதே இறுக்கத்தில் பிடிக்க மாட்டார். அளப்பதில் எப்போதும் ஒரு பிசகு இருக்கும் என்பது அளக்கிறவனுக்குத் தெரியும். எத்தனையோ வெளிநாட்டு பையர்களிடம், சரக்கு வாங்குகிறவர்களிடம், பேச்சு வாங்கியிருக்கிறேன். ஆனால் எவ்வளவு கறாரான பையரும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு நான் பார்த்ததில்லை.

உலகக் கோப்பை மாதிரியான தொடர்களில் அது காலியாக இருக்கிறது. 2024 ஐரோப்பியக் கோப்பை, டார்ட்மண்டில் ஜெர்மனிக்கு எதிராக டென்மார்க். இடி மின்னலால் முதல் பாதியில் ஆட்டம் நின்று தொடங்கியதில், இரண்டாம் பாதி வருவதற்குள் இங்கே மணி இரண்டைத் தொட்டுவிட்டது. டென்மார்க்கின் யோவாகிம் ஆண்டர்சன் கோல் அடித்தார். எனக்கு டென்மார்க்கோடு கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. சின்ன அணி என்ற பாசம்தான். துள்ளி எழுந்ததில் சொம்பு உருண்டு, உள் அறையில் மாமனார் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டார். அதற்குள் திரையில் படம் வந்துவிட்டது. அவர் அணியின் தாமஸ் டெலேனியின் கால்விரல் நுனி ஆஃப்சைடு. கோல் இல்லை. சில நிமிடத்திலேயே அதே ஆண்டர்சனின் கையில் பந்து உரசியதாகப் பந்துக்குள் இருக்கும் சென்சார் காட்டிக்கொடுத்தது. இதயத்துடிப்பு வரைபடம்போல ஒரு கோடு, அதில் ஒரு துள்ளல். பெனால்டி. ஹாவெர்ட்ஸ் அடித்தார். டென்மார்க் 0-2 என்று வீட்டுக்குப் போனது. ஆட்டம் முடிந்ததும் அவர்களின் பயிற்சியாளர் கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டி, ஒரு சென்டிமீட்டர்தான் என்று புலம்பினார். ஒரு சென்டிமீட்டர்! என் மேசையில் அது பாஸான பீஸ்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2022 கத்தாரில் இந்த ஆஃப்சைடு கருவி வந்தபோது, கூரையில் 12 கேமராக்கள், ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை குறித்துக்கொள்ளும் என்றார்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் அப்படி இரண்டு முறை குறிப்பதற்கு இடையில் பதினாறு சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார். இடைப்பட்டதைக் கணக்குப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பியதை வைத்துக்கொண்டு விரல் நுனிக்குத் தீர்ப்புச் சொல்கிறவர்கள், அந்தக் கட்டத்தில் ஓர் எண் எழுதினால் குடி முழுகிவிடுமா? இரண்டு விரற்கடை போதும். எல்லைக்கோட்டை எங்கே வைத்தாலும் அதன் நுனியிலும் சண்டை வரும் என்பார்கள். வரட்டும். அதைத் தாண்டியவனிடம், உனக்குச் சலுகை கொடுத்த பிறகும் தாண்டினாய் என்று சொல்ல வாயாவது இருக்கும்.

ஹேண்ட்பாலை, பந்து கையில் பட்டதா என்பதை, ஸ்லோ மோஷனில் பார்ப்பதும் இதே ரகம். பூதக்கண்ணாடி பிடித்தால் எந்தப் பீஸ்தான் தேறும்?

இவ்வளவு திட்டியவன் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2018 இறுதி ஆட்டம், ஞாயிறு இரவு, பி.என். ரோட்டில் ஒரு பேக்கரி. பிரான்சும் குரோஷியாவும் 1-1. குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டதா என்று நடுவர் பிட்டானா மானிட்டருக்குப் போனார், பார்த்தார், திரும்பினார், சந்தேகம் தீராமல் மறுபடியும் போய்ப் பார்த்தார். அந்த நேரத்தில் பேக்கரி இரண்டு கட்சியாகிவிட்டது. ஷிப்ட் முடித்து வந்த கட்டிங் மாஸ்டர் மேசை ஓரத்தில் பன்னை வைத்து, கை எந்தக் கோணத்தில் இருந்தது என்று விளக்கினார். அதை மறுத்தவர் அதே பன்னை எடுத்து வேறு கோணத்தில் வைத்தார். டீ ஆறி ஆடை கட்டியது. பெனால்டி கொடுத்தார்கள், பிரான்ஸ் 4-2 என்று கோப்பையையும் எடுத்தது. ஆனால் அந்த பன் வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த ஒரு தொடரில் மட்டும் 29 பெனால்டிகள். அதற்கு முன் எந்த உலகக் கோப்பையிலும் 18-ஐத் தாண்டியதில்லை. 29 முறையும் பேக்கரியில் கடன் ஏறியது.

வீட்டிலும் எதிர்பாராத ஒரு லாபம். வீடியோ பார்க்கப் போகிறேன் என்று நடுவர் காற்றில் பெட்டி வரைவதை மகள் பிடித்துக்கொண்டாள். முறுக்கு டப்பா காலியானதற்கு அவள் அம்மா திட்டினால் அழுவதில்லை. இரண்டு கையாலும் பெட்டி வரைவாள். விசாரணை நடந்தே தீர வேண்டும். பாதி நேரம் குற்றவாளி நான்தான்.

அடுத்தது கத்தார். இரண்டு ஆட்டங்கள். 2022 டிசம்பர், ஜப்பானுக்கு எதிராக ஸ்பெயின். ஜப்பானின் மிட்டோமா இழுத்துப் போட்ட பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்தோம். பந்து தரையைத் தொட்ட இடம் கோட்டுக்கு வெளியே. ஆனால் பந்து உருண்டை அல்லவா, அதன் வயிற்றுப் பகுதி இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கோட்டின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. தனாகாவின் கோல் செல்லும் என்றார்கள். ஜப்பான் 2-1 என்று வென்றது, அதே பிரிவில் இருந்த ஜெர்மனி மூட்டை கட்டியது. என் ஆயுளில் நான் பார்த்த மிகச் சுத்தமான செக்கிங் அது.

பதினெட்டு மாதம் கழித்து, 2024 ஜூன் 11, அதே கத்தார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா. கேப்டன் சேத்ரி ஓய்வு பெற்ற பிறகு முதல் ஆட்டம். சாங்தே அடித்த கோலில் நாம் 1-0 முன்னிலை. வென்றிருந்தால் மூன்றாம் சுற்று. 73-வது நிமிடத்தில் நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்த பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனது. இரண்டு மில்லிமீட்டர் இல்லை, முழுப் பந்தும் போனது. கார்னர் என்று நம் ஆட்கள் நின்றுவிட்டார்கள். கத்தார் ஆட்டக்காரர் அதைக் காலால் உள்ளே இழுத்துக் கொடுக்க, இன்னொருவர் தட்டிவிட்டார். கோல். அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது. 1-2 என்று தோற்றோம்.

அன்று ராத்திரி நான் காற்றில் பெட்டி வரைந்தேன். பேக்கரியில் நின்றிருந்த அத்தனை பேரும் வரைந்தார்கள். ஆறு வருடமாக அதைத் திட்டித் தீர்த்த கூட்டம் அது. கோவை நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச்சில் சென்னை சிட்டி அணி 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டம் எடுத்தபோதும் வி.ஏ.ஆர். இல்லை. கொடி உயர்ந்தால் உயர்ந்ததுதான், நடுவரை வைதுவிட்டு உட்கார்ந்துகொண்டோம். ஆனால் இரண்டு மில்லிமீட்டரை அளந்து காட்டிய ஊரில் முழுப் பந்தைக் கோட்டை விட்டதைப் பார்த்த பிறகு வைது தீரவில்லை.

இந்த இடம்வரை எழுதிவிட்டு வி.ஏ.ஆருக்குப் பத்துக்கு எட்டு என்று மதிப்பெண் போட்டேன். பிறகு சரிபார்க்கலாம் என்று அந்த டெலேனி படத்தைத் தேடி எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அடித்துவிட்டு மூன்று என்று போட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை, டிவியை ஜூன் 11-க்கு முன்னால் எடுத்துவிடு. ஆட்டங்கள் பின்னிரவிலும் விடிகாலையிலும் வரும், அத்தைக்கு இப்போதே சொல்லி வை. பெரியது வேண்டாம், 32 அங்குலம் போதும். அதில் கால்விரல் தெரியாது.