தமிழ் விபத்துப் பதிவேடு: காரைக்குடிப் பட்டறைகளுக்கு ஆகுமா?

காரைக்குடி ஸ்டேஷனரி கடையில் தமிழிலேயே அச்சடித்த விபத்துப் பதிவேடு ஒன்று கிடைக்கிறது. நீளவாக்கு, கெட்டி அட்டை, 96 பக்கம். கட்டங்கள் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விபத்துப் பதிவேட்டுக்கு வைத்திருக்கும் படிவம் 11-ஐ ஒட்டியவை: தகவல் வந்த நாள், நேரம், அடிபட்டவர் பெயர், வயது, இன்சூரன்ஸ் எண், ஷிஃப்ட், காயம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, தகவல் சொன்னவரின் கையெழுத்து அல்லது கைரேகை, எழுதியவர் பதவி, இரண்டு சாட்சிகள். மேஸ்திரியே உட்கார்ந்து நிரப்பிவிடலாம்; ஆடிட்டர் ஆபீஸ் பையன் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதற்காகவே வாங்கலாம்.

கோளாறு கட்டத்தின் அகலத்தில். முகவரிக்கு நாலு விரல்கடை இடம். 'என்ன செய்துகொண்டிருந்தார்' என்பதற்கு இரண்டே விரல்கடை. பதிவேட்டின் உயிரே அந்தக் கட்டம்தான். இடம் போதாமல் 'கையில் வெட்டு' என்று முடித்துவிடுகிறார்கள். கண்ணாடி மேல் கல் வார்க்கும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் எழுத வேண்டியது இப்படி: 'கல்லிலிருந்து கண்ணாடியைப் பிரிக்கும்போது, முனை உடைந்த கண்ணாடி வலது உள்ளங்கையைக் கீறி ஒரு அங்குல வெட்டு. கையுறை இல்லை.' இதைப் படித்தால் முனை போன கண்ணாடியை ஒதுக்கத் தோன்றும். 'கையில் வெட்டு' என்று படித்தால் பஞ்சு வாங்கத்தான் தோன்றும். ஒரு விபத்துக்கு மூன்று வரிசையைச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

'வேலைக்குத் திரும்பிய நாள்' கட்டம் இல்லாதது இதைவிடப் பெரிய குறை. காலில் கல் விழுந்தவர் அன்று நொண்டிக்கொண்டே வேலையை முடித்துப் போய்விடுவார். மறுநாள்தான் கால் வீங்கும். சட்டத்துக்குள் வரும் தொழிற்சாலையில் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் அரசுக்கு அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-ஆம் பிரிவு சொன்னது இது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 48 மணிதான். இ.எஸ்.ஐ. தற்காலிக ஊனப்படிக்கோ, விபத்து நாள் நீங்கலாக 3 நாளாவது முடங்கியிருக்க வேண்டும். திரும்பிய நாள் இல்லாமல் இரண்டையும் கணக்கிட முடியாது. குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள். சின்ன அடியானாலும் அன்றைக்கே பதியுங்கள். வீங்கிய பிறகு முன்தேதி போட்டு எழுதினால் சந்தேகம்தான் வரும். இ.எஸ்.ஐ.க்கு முதலாளி அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கை, அதாவது படிவம் 12, தனி. இதில் எழுதிவிட்டதால் அது தீர்ந்துவிடாது.

தாள்களில் கிழிப்பதற்கான துளைக்கோடு வேறு. யாருக்கு வந்த யோசனையோ! பக்க எண்ணும் அச்சாகவில்லை. ஒரு தாள் போனால், எதை மறைத்தீர்கள் என்ற கேள்வி வரும். பேரேடும் ஐந்தொகையும் பழகிய ஊருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை: வாங்கிய அன்றே 96 பக்கத்துக்கும் மையால் எண் போடுங்கள், பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்துச் சுருக்கொப்பம் இடுங்கள், வெள்ளை மை வேண்டாம். தாள் மெல்லிசு. கைரேகை மை பின்பக்கம் ஊறி அங்குள்ள எழுத்தைக் கெடுக்கிறது. ஒரு பக்கம் மட்டும் எழுதுவது நல்லது.

கடைசி 8 பக்கம் பாதுகாப்புக் குறைகளுக்கு: குறை, பார்த்த நாள், பொறுப்பாளர், சரிசெய்த நாள். 'அரைவை மெஷின் பெல்ட்டுக்கு மூடி இல்லை' என்பதோடு, ஏன் கழற்றினார்கள் என்பதையும் எழுதுங்கள். கிரீஸ் போடக் கழற்றியிருந்தால், மூடியில் ஒரு சின்னக் கதவு வைத்தாலே அடுத்த முறை கழற்ற வேண்டியிருக்காது. கொஞ்சம் பெரிய ஆலைக்கு 8 பக்கம் ஆறு மாதம்கூடத் தாங்காது. இதற்குத் தனி நோட்டு போட்டுவிடுங்கள்.