பழைய டிராக்டருக்கு ஜி.எல்.-4 கியர் ஆயில்: ஒரு மெக்கானிக்கின் மதிப்பீடு

80டபிள்யூ-90, ஜி.எல்.-4, மினரல். பழைய டிராக்டர் வைத்திருப்பவர் எந்தக் கியர் ஆயில் ஊற்றலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். முதலாவது எண்ணெயின் கெட்டித்தன்மை (80டபிள்யூ குளிரில், 90 சூட்டில்), இரண்டாவது பல்லைக் காக்கும் சேர்மானத்தின் தரவகை, மூன்றாவது கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த சாதாரண வகை என்று பொருள். கியர்பாக்ஸ் வேலையே என் பிழைப்பு. இந்த ஆயில் ஓடிய பெட்டிகளைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கேனில் ஜி.எல்.-5 என்று இருந்தால் அது ஒரு படி மேல் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஜி.எல்.-5 ஹைப்பாய்டு கிரவுன் பினியனுக்காக, அதாவது பின் ஆக்ஸிலில் அச்சு விலகி நிற்கும் கியர் ஜோடிக்காக வந்தது. அங்கே பற்கள் கடும் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடும். அதைத் தாங்கக் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானத்தை அதிகமாகப் போடுகிறார்கள். எஃகுப் பல்லுக்கு அது காவல். ஆனால் பழைய கியர்பாக்ஸில் எஃகு மட்டுமா இருக்கிறது? வெண்கலப் புஷ், த்ரஸ்ட் வாஷர், சிலவற்றில் கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையம் என்று செம்பு கலந்த பாகங்கள் நிறைய. சூடேறும்போது வீரியமான கந்தகம் செம்பை அரிக்கும். கறுத்து, குழி விழுந்த புஷ்ஷைக் கையில் எடுக்கும்போது மனசு கேட்காது. சில வண்டிகளுக்கு அந்தப் பாகம் இனி கிடைக்கவே கிடைக்காது.

ஜி.எல்.-4இல் அந்தச் சேர்மானம் அளவாக இருக்கும். நான் ஊற்றிய பெட்டிகளில் புஷ்கள் நிறம் மாறாமல் இருக்கின்றன, பல்லின் முகமும் வழவழப்பாக இருக்கிறது. ஜி.எல்.-5 எல்லாமே கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். தயாரிப்பாளரின் விவரத்தாளில் ‘ஏ.எஸ்.டி.எம். டி130’ செம்புப் பட்டைச் சோதனை என்று ஒரு வரி இருக்கும். எண்ணெயில் செம்புத் துண்டைப் போட்டுச் சூடாக்கி நிறம் பார்ப்பார்கள். 1ஏ, 1பி என்றால் நல்லது. 3, 4 என்று ஏறினால் பித்தளை இருக்கும் பெட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். எந்த ஆயில் வாங்கினாலும் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

இந்த 90 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. கியர் ஆயில் அளவுகோல் வேறு, இன்ஜின் ஆயில் அளவுகோல் வேறு. 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் கியர் ஆயில் 90இன் பிசுபிசுப்பு 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (பிசுபிசுப்பின் அலகு). கிட்டத்தட்ட இன்ஜின் ஆயில் 40, 50 அளவுதான். பேரிங் தேய்ந்து இரைகிற வண்டிக்கு இன்னும் கெட்டியான 85டபிள்யூ-140 ஊற்றச் சொல்வார்கள். சத்தம் அடங்கும், உண்மை. பேரிங் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். குளிர்ந்த காலையில் கியர் விழவும் அடம்பிடிக்கும்.

கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் லிப்ட் உள்ள வண்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 1946 முதல் 1956 வரை வந்த பெர்குசன் டி.இ.20 போன்றவற்றில் ஹைட்ராலிக் பம்ப் கியர் ஹவுசிங் எண்ணெயிலேயே முங்கிக் கிடக்கும். கெட்டியான 140 அங்கே ஆகாது, பம்ப் இழுக்கத் திணறும். பிரேக் தட்டுகளும் அதே எண்ணெயில் ஓடும் வண்டியா? அப்படியானால் நான் இவ்வளவு புகழும் ஜி.எல்.-4ம் வேண்டாம். டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில், அதாவது யு.டி.டி.ஓ., தனியாக இருக்கிறது. அதில்தான் பிரேக் கிறீச்சிடாமல், நழுவாமல் பிடிக்கும் சேர்மானம் உண்டு. வண்டியின் மேனுவல் கிடைத்தால் அது சொல்வதே கடைசி வார்த்தை. ‘மினரல் 90’ என்று மட்டும் போட்டிருந்தால், செம்புச் சோதனையில் தேறிய ஜி.எல்.-4ஐ நம்பி ஊற்றலாம்.

இந்த 80டபிள்யூ-90 மினரல் ஆயிலில் நான் கண்ட ஒரே குறை, உறைபனிக் குளிரில் கெட்டிப்பட்டுக் கியர் கனப்பது. அப்படிப்பட்ட இடத்தில் சிந்தெடிக் 75டபிள்யூ-90 ஜி.எல்.-4 இதைவிட மேல்.

மாற்றும்போது வண்டியைக் கொஞ்சம் ஓட்டி, எண்ணெய் சூடாக இருக்கும்போதே இறக்குங்கள். அடிக்கசடும் கூடவே வரும். பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கியர் லிவர் ரப்பரையும் மூச்சுத் துளையையும் பாருங்கள். டிரெயின் பிளக்கில் மாவு போன்ற துகள் சகஜம், கையில் குத்தும் சில்லு வந்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். புது எண்ணெயைக் குறிக்கு மேல் ஊற்றாதீர்கள். மிஞ்சியது ஆக்ஸில் சீலைத் தாண்டிப் பிரேக் லைனிங்கை நனைத்துவிடும்.