பேக்கேஜில் "டிரைஷா உலா" என்று இருந்தால், ஏறும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஊரிலிருந்து பேக்கேஜ் டூரில் சிங்கப்பூர் வரும் உறவுக்காரர் யாராவது இருந்தால், அவர்களுடைய பயண அட்டவணையை வாங்கிப் பாருங்கள். "மாலை: டிரைஷா உலா" (டிரைஷா என்பது மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா) என்று ஒரு வரி இருந்தால், அதை இங்கே யார் நடத்துகிறார்கள் என்று அவர்கள் விமானம் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். அந்த ஒரு வரியை நம்பி வந்த எங்கள் பெரியம்மா, வீங்கிய முழங்காலோடு சக்கர நாற்காலியில்தான் திருச்சி விமானத்துக்குப் போனார். ஏஜென்சியின் பெயரை இங்கே போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பெரியப்பாவுக்கு டிரைஷா ஆசை இன்று நேற்று வந்ததில்லை. அவருடைய அப்பா இங்கே மார்க்கெட் ஸ்திரீட் செட்டியார் கிட்டங்கி (லேவாதேவி நடத்திய இடம்) ஒன்றில் சமையல்காரராக இருந்தவர். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கி மூட்டையோடு டிரைஷாவில் வந்து இறங்கிய கதைகளைச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் டிரைஷா இங்கே வேடிக்கைப் பொருள் கிடையாது. ஜப்பானியர் ஆட்சியில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது பெருகிய வண்டி அது. போருக்குப் பிறகு மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவைத் தடை செய்ததும், மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சனங்கள் போக வர அதுதான் வாகனம். இப்போது சுற்றுப்பயணிகளுக்காக மட்டும் ஓடுகிறது. பெரியப்பா அந்த பேக்கேஜைத் தேர்ந்தெடுத்ததே இந்த வரிக்காகத்தான். சிங்கங்களுக்கும் டால்பினுக்கும் அவர் மயங்குகிற ஆள் இல்லை.

ஹோட்டல் ஜாலான் புசார் பக்கம். சாயங்காலம் ஓர் இளைஞர் வந்தார். கழுத்தில் அட்டை எதுவும் இல்லை, கையில் போன் மட்டும். "நான்தான் டூர் கோஆர்டினேட்டர். ஏறுங்கம்மா, எல்லாம் கட்டியாச்சு" என்று நல்ல தமிழில் சொல்லியிருக்கிறார். தமிழில் பேசியதும் நம்மவர்களுக்குப் பாதி சந்தேகம் போய்விடும். குழுவில் இருந்தவர்களுக்கு வண்டி போதவில்லை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று, கூட வந்த இன்னொரு குடும்பத்துச் சிறுமியையும் பெரியம்மா பெரியப்பாவுக்கு நடுவில் திணித்திருக்கிறார்கள். இருவர் உட்காருவதற்கே இடுக்கலான இருக்கை அது. இருக்கை வார் (சீட் பெல்ட்) கிடையாது. பெரியம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். கொசுவத்தின் ஓரம் மட்டும் காற்றில் பறந்துகொண்டே இருந்ததாம்.

வண்டிகள் கிளம்பியதும் அந்த இளைஞர் "முன்னாடி போய் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

லிட்டில் இந்தியா, பூகிஸ், கம்போங் கிளாம் என்று அட்டவணையில் போட்டிருந்தது. ஓடியது இரண்டு மூன்று தெருக்கள், நடுவில் ஒரு நினைவுப்பொருள் கடையில் நெடுநேர நிறுத்தம். அதற்குள் தூறல் தொடங்கிவிட்டது. மழைத் திரை எங்கே என்று கேட்டால் ஓட்டுநர் தலையை ஆட்டியிருக்கிறார். பூகிஸ் பக்கம் ஒரு சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, முடிந்தது, 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார். பெரியப்பா "பெய்ட், பெய்ட்" என்கிறார். அந்த முதிய ஓட்டுநர் "நோ பெய்ட்" என்கிறார். கோஆர்டினேட்டரைப் பிடிக்க முடியவில்லை. நனைந்தபடி நடுத்தெருவில் எவ்வளவு நேரம் வாதாடுவது? பெரியப்பா கொடுத்துவிட்டார். ரசீது கிடையாது.

பணம் கைமாறியதும் ஓட்டுநர் தன் இருக்கையை விட்டு இறங்கி மழைக்கு ஒதுங்கினார். வண்டியை யாரும் பிடித்திருக்கவில்லை. பெரியம்மா ஈரமான மிதிபலகையில் ஒரு காலை வைத்ததும் வண்டி அரையடி நகர்ந்தது. ஏற்கெனவே தேய்ந்த முழங்கால். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து சாலையில் விழுந்தார். விழுந்தது நடைபாதைப் பக்கம் இல்லை, வாகனம் போகிற பக்கம். பின்னால் வந்த வேன் நின்றதால் இந்தப் பதிவு முழங்காலோடு முடிகிறது.

தூக்கிவிட்டது, வேலை முடிந்து பேருந்துக்கு நின்ற சிவகங்கைத் தம்பி ஒருவர். அவருடைய போனிலிருந்துதான் எனக்கு அழைப்பு வந்தது, பெரியப்பாவின் போன் ஹோட்டல் வைஃபையை நம்பியே இருந்தது. நான் இருக்கும் ஈசூனிலிருந்து போய்ச் சேரும்வரை அந்தத் தம்பி பக்கத்துக் கடைவாசல் ஐந்தடி நடைபாதையில் பெரியம்மாவை உட்கார வைத்து, பையில் ஐஸ் வாங்கிவந்து வைத்திருந்தார். அவருக்கு இந்த இடத்தில் நன்றி சொல்லியாக வேண்டும்.

கிளினிக், எக்ஸ்ரே எல்லாம் முடிந்தது. எலும்பு முறிவு இல்லை. வெளிநாட்டவருக்கான கட்டணத்தைப் பார்த்ததும் பெரியப்பா மனதுக்குள் ரூபாயில் பெருக்கத் தொடங்கிவிட்டார். பயணக் காப்புறுதி (இன்ஷூரன்ஸ்) இருந்தது நல்லதாய்ப் போயிற்று. மருத்துவரிடம் விழுந்த இடம், நேரம், விதம் எல்லாவற்றையும் குறிப்பில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். இதை அப்போதே கேட்டு வாங்காவிட்டால் ஊருக்குப் போன பின் யார் அனுப்பிவைப்பார்கள்?

பிறகு தொடங்கியது அலைச்சல். ஊரில் உள்ள ஏஜென்சி, "அது சிங்கப்பூர் பார்ட்னர் சமாச்சாரம் சார்" என்றது. சிங்கப்பூர் பார்ட்னர் என்று தந்த எண்ணில் பேசியவர், "வண்டிக்காரர்கிட்ட கேளுங்க" என்றார். சரி, வண்டிக்காரரிடமே கேட்போம் என்று கிளம்பினேன். பெரியப்பா கிளம்பும் முன் எடுத்த செல்ஃபியில் வண்டியின் விளக்கு அலங்காரம் தெளிவாக விழுந்திருந்தது. அதை வைத்து விசாரித்து ஆளைக் கண்டுபிடித்தேன். சண்டை போடத்தான் போனேன்.

எழுபதைத் தாண்டிய சீன அங்கிள். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். அந்தப் பையன் தனக்குக் கொடுத்தது 20 வெள்ளிதான் என்றும், மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனான் என்றும் சொன்னார். மூன்று பேரை ஏற்றச் சொன்னதும் அவன்தானாம். கடைக்காரர் அவனுக்குக் கமிஷன் கொடுப்பதால் கடையில் நிறுத்தச் சொன்னதும் அவனே. பெரியம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று அவராகவே கேட்டார். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை நான் விடவில்லை: வாரும் மழைத்திரையும் இல்லாத வண்டியில் ஆளை ஏற்றியதும், இறங்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல் போனதும் அவர் பொறுப்பு. அதை அவரிடமே சொன்னேன். பதில் சொல்லவில்லை.

ஆக, சாலையோரத்தில் மழையில் வாதாடிய இரண்டு கிழவர்களுமே ஏமாற்றப்பட்டவர்கள். ஏமாற்றியவன் அங்கே இல்லை. பேக்கேஜ் டிரைஷாவில் இருக்கிற வில்லங்கமே இதுதான். பணம் வாங்குகிறவர் ஊரில், ஆள் பிடிக்கிறவர் ஹோட்டல் வாசலில், மிதிக்கிறவர் தெருவில். நடுவில் எவ்வளவு கழிந்தது என்பது பயணிக்கும் தெரியாது, மிதிக்கிறவருக்கும் தெரியாது.

அதனால் ஏஜென்சியிடம் "டிரைஷா உண்டா" என்று கேட்டுப் பயனில்லை, உண்டு என்றுதான் சொல்வார்கள். தொகை வண்டிக்கா தலைக்கா, எத்தனை நிமிடம், எங்கே ஏறி எங்கே இறங்குவது, ஓட்டுநருக்குத் தெருவில் ஏதாவது தர வேண்டுமா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த வரியை அடித்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். குவீன் ஸ்திரீட்டில் ஆல்பர்ட் சென்டர் பக்கம் டிரைஷா நிலையம் இருக்கிறது. ஆசைப்படுகிறவர்கள் நேராக அங்கே போய், விலையும் வழியும் கேட்டு, டிக்கெட்டோடு ஏறலாம். வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அது நடக்கிற தூரம்தான்.

ஹோட்டல் வாசலுக்கு வருகிறவரின் கழுத்தைப் பாருங்கள். சிங்கப்பூரில் காசு வாங்கிக்கொண்டு சுற்றுலா வழிகாட்டியாக இருக்கப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும், உரிம அட்டை வெளியே தெரிய வேண்டும். பயண ஏஜென்சிக்கும் அதே கழகத்தின் உரிமம் உண்டு. அதன் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். எங்கள் கோஆர்டினேட்டர் வழிகாட்டியும் இல்லை, ஏஜென்டும் இல்லை. "நம்ம ஊர்ப் பையன்", அவ்வளவே.

வண்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் புடவையிலும் துப்பட்டாவிலும் ஏறுகிறார்கள். பினாங்கில் பயணி முன்னால் உட்காருவார். இங்கே இருக்கை சைக்கிளுக்குப் பக்கத்தில் கோத்தது, சக்கரமும் கம்பிகளும் கைக்கெட்டும் தூரத்தில் சுழலும். தலைப்பை இடுப்பில் செருகி, கொசுவத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வைப்பது இன்னும் நல்லது, கழுத்தில் சுற்றிய துணி கம்பியில் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. பக்கவண்டி இருக்கிற பக்கமாக வேகமாகத் திருப்பினால் அதன் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். ஆகவே முனையில் திரும்பும்போது எழுந்து நின்று வீடியோ எடுக்க வேண்டாம், மூன்றாவது ஆளையும் ஏற்ற வேண்டாம். குழந்தை மடியில் இருக்கலாமா என்று கேட்டால், வார் இல்லாத வண்டியில் கூடாது என்பேன்.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே விதி: ஓட்டுநர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்வரை காலை எடுக்காதீர்கள். "அங்கிள், பிரேக்" என்றால் புரியும். நடைபாதைப் பக்கம்தான் இறங்குவேன் என்று அடம்பிடியுங்கள். வண்டியைத் திருப்பி நிறுத்த வைத்தாலும் தவறில்லை. மழை வானத்தில் தெரிந்தால் ஏறவே வேண்டாம். இங்கே பிற்பகல் மழை கேட்டுக்கொண்டு வராது, ஈர மிதிபலகையில் செருப்பு நிற்காது. வயதானவர்களோடு உள்ளூர் ஆள் போக முடியாவிட்டால், டேட்டா உள்ள உள்ளூர் சிம் ஒன்றாவது அவர்கள் போனில் இருக்கட்டும். ஆம்புலன்ஸுக்கு 995, போலீசுக்கு 999. இந்த இரண்டு எண்ணையும் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள்.

இடையில் நிறுத்தி அதிகப் பணம் கேட்டால் கூச்சல் வேண்டாம். வண்டியையும் வண்டியில் எழுதியிருக்கும் எண் ஏதாவது இருந்தால் அதையும் படம் எடுங்கள், ரசீது கேளுங்கள். தராவிட்டால், கொடுக்கும் தொகையைச் சொல்லியபடியே கொடுப்பதை வீடியோ எடுங்கள். பயனீட்டாளர் (நுகர்வோர்) சங்கமான கேஸிடம் (CASE) புகார் செய்யலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போகலாம்: 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே ஏற்பார்கள், வழக்கறிஞர் வாதாட முடியாது, 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டிய பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. சுற்றுப்பயணிகளும் போகலாம். ஆனால் சேவைக்குக் கொடுத்த பணத்தைத்தான் அங்கே கேட்க முடியும். முழங்கால் வலிக்கு இழப்பீடு அங்கே கேட்கிற விஷயமில்லை, அதற்குக் காப்புறுதிதான்.

நாங்கள் நிற்கும் இடம் இது. காப்புறுதிக்காரர்கள் மருத்துவர் குறிப்பை ஏற்றுக்கொண்டார்கள். ஊர் ஏஜென்சி 80 வெள்ளியைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறது, ஆனால் "நல்லெண்ண அடிப்படையில்" என்று போட்டு, இனிமேல் எதுவும் எழுத மாட்டேன் என்று பெரியப்பாவிடம் கையெழுத்து கேட்கிறது. பெரியப்பா போடவில்லை. "எம்பது வெள்ளிக்கு என் வாயை விக்கணுமாடா?" என்று போனில் கேட்டார். அதே ஏஜென்சியின் அடுத்த குழுவுக்கான விளம்பரத்திலும் அந்த வரி அப்படியே இருக்கிறது. திருச்சி, காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து குழுவாக வருகிறவர்கள் உங்கள் அட்டவணையில் ஜாலான் புசார் ஹோட்டலும் அன்று மாலையே டிரைஷாவும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், பெயரைச் சொல்கிறேன்.