திமிங்கிலம் காண விரைவுப் படகா, பெரிய படகா?

திமிங்கிலங்களையும் கடற்பறவைகளையும் காண விரும்புவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, பத்துப் பன்னிரண்டு பேர் அமரும் விரைவுப் படகில் செல்வதா, மேல்தளம் கொண்ட பெரிய படகில் செல்வதா என்பதே.

சிறிய படகின் சிறப்பு அதன் தாழ்வுதான். நீர்மட்டத்திற்குச் சற்றே மேலே அமர்ந்திருக்கையில், திமிங்கிலம் எழுந்து மூச்சு விடும் ஓசை உடலையே அதிரச் செய்யும். அதற்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல இயலாது. ஆனால் தேடுவதற்கு அதே தாழ்வு தடையாகிறது. கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் ஏறத்தாழ 4.4 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 10 மீட்டர் உயரத் தளத்தில் நிற்பவருக்கோ அது 11 கிலோமீட்டருக்கு அப்பால் விரியும். ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒருமுறை மூழ்கினால் முக்கால் மணி நேரம்கூட மேலே வராமல் இருக்கும் என்பதால், தொலைவில் எழும் நீர்த்தூவலைக் கண்டுகொள்ள அந்த உயரம் பெரிதும் உதவும்.

பறவைகளுக்காகச் செல்வோர் தயங்காமல் பெரிய படகையே தேர்ந்தெடுக்கலாம். அலைகளை உரசிப் பறக்கும் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவைகளை இனங்காண இருகண்நோக்கியை அசையாமல் பிடிக்க வேண்டும். துள்ளும் படகில் அது மிகக் கடினம். முதுகுவலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விரைவுப் படகு ஏற்றதன்று.

திமிங்கிலங்களின் நலனைப் பொறுத்தவரை, படகின் அளவைவிட ஓட்டுபவரின் பொறுமையே முக்கியம். விரைந்து சுழலும் உந்துவிசிறியின் இரைச்சல், ஒலியால் தொடர்புகொள்ளும் அவற்றுக்கு இடையூறாகிறது. பல நாடுகளின் விதிகள் குறைந்தது 100 மீட்டர் இடைவெளி கேட்கின்றன. படகோட்டி அதைக் காப்பவரா என்பதை முன்பதிவுக்கு முன்பே கேட்டறியுங்கள்.