பைண்டிங் போயிட்டு வந்த அகராதி: வாங்கலாமா?

அக்கா மவன் குரூப் 4க்குப் படிக்கான். "சித்தி, உங்க வீட்ல கெடக்கே அந்தப் பெரிய தமிழ் அகராதி, வாங்கலாமா"ன்னு கேட்டான். நேரம் பாத்து கேட்டான் பாருங்க, அன்னைக்குத்தான் அது பைண்டிங் கடையில இருந்து வந்து நான் கொதிச்சுப் போயி இருந்தேன்.

புக்கு மேல ஒரு குறையும் இல்ல. டிடிபி சென்டர்ல ப்ரூஃப் பாக்குத எனக்கு சோறு போடுததே அதான், பொரட்டிப் பொரட்டி புக்கோட முதுகு பிஞ்சு போச்சுன்னு பாளையங்கோட்டையில ஒரு கடையில குடுத்தேன். தையல் அருமை, அட்டை கல்லு மாதிரி. ஆனா ஓரம் சமமா இருக்கணும்னு மெஷின்ல வச்சு மேல வெட்டிட்டாவ, ஒவ்வொரு பக்கத்து உச்சியிலயும் அந்தப் பக்கத்து முதல் சொல்லு எது, கடைசிச் சொல்லு எதுன்னு காட்டுமே தலைச்சொல்லு, அதுல பாதி போச்சு. கீழ்ப்பாதி மட்டும் நிக்கி. புள்ளி மொத்தமும் குப்பையில, இப்ப எது க எது க்னே தெரியல.

அது தெரியாம எப்படித் தேட? தமிழ் அகராதியில புள்ளி எழுத்துதான் முந்தி. பக்கம் வந்த பொறவுதான் பகல், அதுக்கும் பொறவுதான் பங்கு. றவும் னவும் கடைசி, அதனால பனை வேணும்னா பல், பழம், பள்ளம், பறவை எல்லாத்தையும் தாண்டி பா ஆரம்பிக்கதுக்கு முந்தி போயி நிக்கணும். ஜன்னல் மாதிரி கிரந்த எழுத்துல ஆரம்பிக்கது எல்லாம் புக்கோட வால்ல கெடக்கும். மூலையில உள்ள அந்த ரெண்டு வார்த்தையப் பாத்தே டக்குனு போயிருவேன், இப்ப பக்கம் பக்கமா மேய வேண்டியிருக்கு சவத்த.

வினைச்சொல்லு இன்னொரு கூத்து. செத்தான்னு தேடுனா கெடைக்காது, சா பாக்கணும். வெந்ததுக்கு வே, நின்றானுக்கு நில். வேர்ச்சொல்லு, அகரவரிசை ரெண்டும் குரூப் 4 தமிழ்லயே கேக்காவ, கைடு மனப்பாடம் பண்ணுததுக்குப் பதிலா இதப் பொரட்டுனா தானா வந்துரும். முன்பக்கத்துல சுருக்கக் குறியீடுன்னு வி. (வினை), பெ. (பெயர்), வ.வ. (வட்டார வழக்கு)ன்னு ஒரு பட்டியல் இருக்கும், ஒருத்தரும் படிக்க மாட்டாவ, அதப் படிச்சாத்தான் உள்ள என்ன சொல்லுதான்னே வெளங்கும்.

சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன்னு ஒரு பேரகராதி இருக்கு, 1924ல இருந்து 1936 வரை 6 தொகுதியா வந்தது, லட்சத்துக்கு மேல சொல்லு, நெட்ல சும்மாவே தேடலாம். பழைய பாட்டுக்கு அத அடிச்சுக்க ஆளில்ல. ஆனா நேத்து வந்த சொல்லு அதுல கெடையாது, தேடுத பெட்டியில அடிச்சா அந்தச் சொல்லு மட்டும் வரும், பக்கத்துல இருக்க நாலு சொல்லு கண்ணுல படாது, எனக்கு அதுதான் முக்கியமே.

ஆனாலும் பரிச்சைக்கு மட்டும்னா காசு போட்டு வாங்காத, போன்லயே தேடிக்கோன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன். நான் இன்னொரு காப்பி வாங்கப் போறேன், அது வேற விசயம், இந்தத் தடவ முதுகு பிஞ்சா நானே கோந்து போட்டு ஒட்டிக்கிடுவேன். பழச வேணும்னா அவன் எடுத்துட்டுப் போவட்டும், தலைச்சொல்லு இல்லாம தேடிப் பழகுனா பரிச்சைக்கு நல்லதுதான்.